எல்லாம் நிகழும் உலகில் நிகழ்தகவு

1926-ஆம் ஆண்டு சூன் திங்களில், கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாக்ஸ் பார்ன், துகள் மோதல்களைப் பற்றிச் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையை இதழுக்கு அனுப்பினார். எலக்ட்ரான் ஒன்று அணுவின் மீது மோதிச் சிதறினால் எத்திசையில் செல்லும் என்பதை ஷ்ரோடிங்கரின் அலைச் சமன்பாடு உறுதிபடச் சொல்வதில்லை. இன்ன திசையில் செல்வதற்கான நிகழ்தகவை மட்டுமே அலையின் வீச்சு தருகிறது என்பது அக்கட்டுரையின் கருத்து. அச்சுப்படியைத் திருத்தும்போது பார்ன் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தார். நுணுகி ஆராய்ந்தால் நிகழ்தகவு வீச்சின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும் என்றது அது. இயற்பியலின் தலையாய விதிகளுள் ஒன்று அடிக்குறிப்பாகவே பிறந்தது. அதற்கான நோபல் பரிசு பார்னை வந்தடைய மேலும் 28 ஆண்டுகள் ஆயின.

பார்ன் விதி இன்றுவரை எந்த ஆய்வகத்திலும் பொய்க்கவில்லை. ஆயினும் குவாண்டம் இயங்கியலுக்குள் அது வந்து சேர்ந்த வழி வியப்புக்குரியது. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் தற்செயலுக்கு இடமே கிடையாது. இந்த நொடியின் அலை தெரிந்தால் அடுத்த நொடியின் அலை ஐயமின்றித் தெரிந்துவிடும். அளவீடு என்று ஒன்று நடக்கும் வேளையில்தான் நிகழ்தகவு வெளியிலிருந்து புகுத்தப்படுகிறது. 1932-இல் வெளிவந்த தம் நூலில் ஜான் வான் நாய்மன் இதை ஒளிவு மறைவின்றி இரு வினைகளாகப் பிரித்தே எழுதினார். அளக்காதவரை அலை சமன்பாட்டின்படி சீராக ஒழுகும். அளந்தவுடன், பல வாய்ப்புகளின் மேற்பொருந்துதலாக இருந்த அலை ஒரே விளைவாகச் சரிந்துவிடும். எந்த விளைவு எத்தனை முறை என்பதைப் பார்ன் விதி சொல்லும். அளவுகருவியும் அணுக்களால் ஆனதுதானே, அதைப் பார்க்கும் கண்ணும் அணுக்களால் ஆனதுதானே, முதல் வினை எங்கே முடிந்து இரண்டாம் வினை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் பாடநூல்களிடம் விடை இல்லை.

இதைப் பொறுக்காத ஒருவர், பிரின்ஸ்டனில் ஜான் வீலரிடம் முனைவர் பட்டத்துக்குப் பயின்றுகொண்டிருந்த ஹியூ எவரெட். இரண்டாம் வினையே வேண்டாம் என்றார் அவர். அணுவும் கருவியும் நோக்குநரும் ஒரே அலைச் சார்பில் அடங்கியவர்கள். அந்த அலைச் சார்பு என்றும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின்படியே ஒழுகும். மேற்பொருந்துதலில் இருக்கும் அணுவைக் கருவி அளந்தால் கருவியும் அந்த மேற்பொருந்துதலுக்குள் இழுக்கப்படும். 'மேல்' என்று காட்டும் முள்ளும் உண்டு, 'கீழ்' என்று காட்டும் முள்ளும் உண்டு. முள்ளைப் பார்ப்பவருக்கும் அதே கதிதான். ஒவ்வொரு கிளையிலும் இருக்கும் நோக்குநர் ஒரே ஒரு விளைவையே காண்பார். ஆகவே சரிவு என ஒன்று நடந்ததாகவே அவருக்குத் தோன்றும். 1955-இல் வீலரிடம் கொடுத்த சிறு குறிப்பொன்றில், அறிவும் நினைவாற்றலும் வாய்ந்த ஓர் அமீபாவை எவரெட் கற்பனை செய்தார். அது மேன்மேலும் பிளந்துகொண்டே போகும். பிளந்த ஒவ்வொன்றும் பழைய நினைவுகளைத் தாங்கியிருக்கும். உடன்பிறந்ததை மட்டும் அறியாது. வீலருக்கு அமீபா பிடிக்கவில்லை. 1957 சூலையில் 'ரெவ்யூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ்' இதழில் வெளிவந்த சுருங்கிய வடிவத்தில் அதைக் காணோம். 'பல உலகங்கள்' என்ற பெயரும் எவரெட் இட்டதன்று. 1970-களில் பிரைஸ் டிவிட் பரப்பியது. 1956-இல் நீல்ஸ் போரின் பார்வைக்காகக் கோபன்ஹேகன் சென்ற வரைவின் தலைப்பு 'நிகழ்தகவு இல்லாத அலை இயங்கியல்'.

துணிச்சலான தலைப்புத்தான். ஆனால் நிகழ்தகவை வாயிற்படியில் நிறுத்திவிட்டால், அந்த விதியின் துணைகொண்டு இதுவரை சரிபார்த்த அத்தனை சோதனைகளும் அதனுடன் வெளியே நின்றுவிடும். குவாண்டம் இயங்கியலை நாம் நம்புவதே, அது சொல்லும் விழுக்காடுகள் ஆய்வகத்தில் கிடைப்பதால்தான். எல்லா விளைவுகளும் உறுதியாக நிகழும் என்று சொல்லும் கோட்பாட்டில், 'இது நிகழ்வதற்கான வாய்ப்பு 75 விழுக்காடு' என்ற சொற்றொடர் எதைக் குறிக்கும்? குறிப்பதற்கு ஏதேனும் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், அந்த எண் ஏன் வீச்சின் இருமடியாக இருக்க வேண்டும்? இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் கலந்து பேசியதால் எழுந்த குழப்பமே இத்துறை எழுத்துகளில் பாதியை நிரப்பியிருக்கிறது.

சிக்கலை அருகில் சென்று பார்க்க வெள்ளி அணுக்கள் சில போதும். 1922-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஆட்டோ ஸ்டெர்னும் வால்டர் கெர்லாக்கும் வெள்ளியை உலையில் ஆவியாக்கி, அந்த அணுக்கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் ஊடே செலுத்தினர். கண்ணாடித் தட்டில் படிந்த வெள்ளி இரண்டாகப் பிரிந்திருந்தது. அணுவின் தற்சுழற்சியைக் காந்தப்புலத் திசையில் அளந்தால் 'மேல்', 'கீழ்' என்ற இரு விடைகளே கிடைக்கும். இப்போது, ஒரு காந்தம் 'மேல்' என்று பிரித்துக் கொடுத்த அணுக்களை, 60 பாகை சாய்த்து வைத்த மற்றொரு காந்தத்தினுள் ஒவ்வொன்றாகச் செலுத்துவோம். 'மேல்' கிளையின் வீச்சு, 60 பாகையில் பாதியான 30 பாகையின் கொசைன். அதாவது 3-இன் இருமடிமூலத்தில் பாதி, ஏறத்தாழ 0.866. 'கீழ்' கிளையின் வீச்சு 0.5. இருமடியாக்கினால் முறையே 3/4, 1/4. ஆய்வகத்தில் 1,000 அணுக்களைச் செலுத்தினால் ஏறக்குறைய 750 மேலேயும் 250 கீழேயும் விழும்.

இதே சோதனையை எவரெட்டின் வழியில் பார்த்தால், முதல் அணு கடந்ததும் கிளைகள் இரண்டு. இரண்டாம் அணுவுக்குப் பின் நான்கு. 10 அணுக்களுக்குப் பின் 1,024. ஒவ்வொரு கிளையிலும் ஓர் ஆய்வாளர், கையில் 'மேல், மேல், கீழ்' என்று நீளும் ஒரு பட்டியலுடன் நிற்கிறார். கிளைகளை வெறுமனே எண்ணினால் 3/4 என்ற எண் எங்கும் தலைகாட்டாது. காந்தத்தை 60 பாகை சாய்த்தாலும் 10 பாகை சாய்த்தாலும் மரத்தின் வடிவம் ஒன்றே. 7 அல்லது 8 அணுக்கள் மேலே விழுந்த கிளைகள், அதாவது பார்ன் விதிக்கு இயன்றவரை அணுக்கமாக அமைந்தவை, 165 மட்டுமே. மேலே விழுந்தவை 5 அல்லது அதற்கும் குறைவு என்ற பட்டியலை வைத்திருப்போர் 638 பேர். பெரும்பான்மைதான் தீர்ப்பு என்றால் குவாண்டம் இயங்கியல் அங்கேயே தோற்றுவிடும். இனி, வீச்சின் இருமடியை எடையாகக் கொண்டு அதே கிளைகளை நிறுத்துப் பார்ப்போம். 165 கிளைகளின் மொத்த எடை 53 விழுக்காடு. 638 கிளைகளின் மொத்த எடை 8 விழுக்காட்டுக்கும் கீழே. எண்ணிக்கை ஒரு பக்கமும் எடை மறுபக்கமும் இழுக்க, ஆய்வகம் எப்போதும் எடையின் பக்கமே நிற்கிறது.

இந்த எடையை, ஓர் ஆறு வாய்க்கால்களாகப் பிரியும்போது ஒவ்வொன்றிலும் செல்லும் நீரின் அளவாகக் கற்பனை செய்துகொள்ளத் தோன்றும். வாய்க்கால் எத்தனை என்பதைவிட எதில் எவ்வளவு நீர் என்பதே பொருட்டு. அகன்றதில் முக்கால் பங்கு, ஒடுங்கியதில் கால் பங்கு. ஆனால் ஆற்றில் ஓர் இலை மிதந்து வந்தால்தான் 'எந்த வாய்க்காலில் போகும்' என்று கேட்க இயலும். அப்போதுதான் நீரின் பங்கு ஒரு நிகழ்தகவாக மாறும். இலை இல்லாதபோது நீர் இரண்டிலும் போகிறது, அவ்வளவே. லூயி டி பிராலி 1927-இல் முன்வைத்துக் கைவிட்ட கருத்தை 1952-இல் மீட்டெடுத்த டேவிட் போம், தம் கோட்பாட்டில் அந்த இலையைச் சேர்த்தே வைத்தார். அங்கே அலை எல்லாக் கிளைகளிலும் பாயும். துகள் ஏதேனும் ஒன்றில் மட்டும் செல்லும். எவரெட்டிடம் அலை மட்டுமே உண்டு. நோக்குநரையே இலையாக்கிவிடலாம் என்றால் அவரும் நீரோடு நீராகப் பிரிந்துவிடுகிறார்.

ஏன் இருமடி என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதில்தான் உண்மையான முன்னேற்றம் நிகழ்ந்திருக்கிறது. எவரெட் தாமே ஒரு விடை தந்தார். ஒரு கிளை பின்னர்ச் சிறு கிளைகளாகப் பிரிந்தால், சிறு கிளைகளின் எடைகளைக் கூட்டத் தாய்க்கிளையின் எடை வர வேண்டும் என்பது அவர் விதித்த கட்டளை. 0.866 வீச்சுள்ள 'மேல்' கிளை, தலா 0.5 வீச்சுள்ள மூன்று கிளைகளாகப் பிரிவதாகக் கொள்வோம். வீச்சையே எடையாகக் கொண்டால் கூட்டுத்தொகை 1.5; தாய்க்கிளையுடன் பொருந்தாது. இருமடியைக் கொண்டால் 0.25 மும்முறை சேர்ந்து 0.75, தாய்க்கிளையின் இருமடியும் அதுவே. மும்மடியோ நான்மடியோ இதற்கு ஒத்துவரா. அதே 1957-இல், எவரெட்டின் கேள்வியோடு தொடர்பில்லாமல், கணிதவியலாளர் ஆண்ட்ரூ கிளீசன் இதைவிட வலிமையான ஒரு தேற்றத்தை நிறுவினார். மூன்றோ அதற்கு மேலோ பரிமாணங்கள் உள்ள குவாண்டம் வெளியில், முரணின்றி எடை வழங்க இருமடி வழியைத் தவிர வேறு வழி இல்லை. எடை என ஒன்று வேண்டுமானால் அது இதுதான் என்பதில் இன்று எவருக்கும் ஐயமில்லை. ஆனால் எடை மிகுந்த கிளையை ஏன் மிகுதியாக எதிர்பார்க்க வேண்டும் என்பதைப் பற்றி இந்தக் கணிதம் வாய் திறப்பதில்லை.

முடிவிலா எண்ணிக்கையில் அணுக்களைச் செலுத்தினால், விதிக்கு மாறான பட்டியல் கொண்ட கிளைகளின் மொத்த எடை சுழியாகிவிடும் என்று 1960-களிலும் 70-களிலும் சிலர் காட்டினர். டிவிட் அதை ஆர்வத்துடன் எடுத்துப் பேசினார். சுழி எடை கொண்டதைப் புறக்கணிக்கலாம் என்பது அவர்கள் முடிவு. எடை குறைந்தது வாய்ப்பும் குறைந்தது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டவரால்தான் அப்படிப் புறக்கணிக்க முடியும். மேலும், எந்த ஆய்வகமும் முடிவிலா அணுக்களைச் செலுத்தியதில்லை. இதை விட்டு மேலே செல்வோம்.

கிளைகளை எண்ணும் வழி ஏன் ஆகாது என்பதற்கு 1970-இல் ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த டீட்டர் ட்சே தொடங்கிவைத்த ஆய்வுகள் நல்ல விளக்கம் தந்தன. கருவியின் முள்ளின்மீது காற்றின் மூலக்கூறுகள் இடைவிடாது மோதுகின்றன; ஒளித்துகள்கள் பட்டுத் தெறிக்கின்றன. ஒவ்வொன்றும் முள்ளின் நிலையைப் பற்றிய ஒரு சுவடைச் சுமந்து செல்கிறது. இதனால் 'மேல்' கிளையும் 'கீழ்' கிளையும் ஒன்றோடொன்று குறுக்கீடு செய்யும் ஆற்றலை மிக விரைவாக இழக்கின்றன. இதையே ஓரியல்பு இழப்பு என்கிறோம். கிளைகள் என்று நாம் பேசுவது இந்த இழப்பின் விளைவுதான். ஆனால் அது கத்தியால் வெட்டியது போன்ற பிரிவு அன்று. ஒரு மூலக்கூறு இங்கே தெறித்தது, அங்கே தெறித்தது என்பதையும் கணக்கில் கொண்டால் ஒரு கிளை கோடிக் கிளைகளாகும். கொள்ளாவிட்டால் ஒன்றாகவே நிற்கும். எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது. எந்த நுணுக்கத்தில் கூட்டினாலும் எடை மட்டும் மாறாமல் இருக்கும். சற்று முன்பு 1,024 கிளைகள் என்று எழுதினேனே, அது சோதனையின் பட்டியல்களை எண்ணிய கணக்கு. உலகின் கிளைகளை எண்ணிய கணக்கன்று. உலகின் கிளைகளுக்கு எண்ணிக்கையே கிடையாது.

இனி சமச்சீர்மை. இத்துறையில் நான் மிக அழகியதெனக் கருதும் வாதம் இதுவே. 2003-இல் வோய்ச்சே ஜூரெக் அதற்குக் கொடுத்த வடிவத்தைப் பின்பற்றிச் சொல்கிறேன். 'மேல்', 'கீழ்' இரண்டின் வீச்சும் சமமாக உள்ள ஓர் அணுவை எடுத்துக்கொள்வோம். அது சூழலுடன் பின்னிக் கிடக்கிறது: 'மேல்' உடன் சூழலின் முதல் நிலை, 'கீழ்' உடன் சூழலின் இரண்டாம் நிலை. 'மேல்' என்பதன் நிகழ்தகவு நமக்குத் தெரியாது, இருக்கட்டும். இப்போது அணுவை மட்டும் தொட்டு, 'மேல்' 'கீழ்' இரண்டையும் இடம் மாற்றுகிறோம். சூழலை நாம் தொடவில்லை. ஆகவே சூழலின் முதல் நிலைக்குரிய நிகழ்தகவு மாறியிருக்க முடியாது. ஆனால் அந்த முதல் நிலையுடன் இப்போது இணைந்திருப்பது 'கீழ்'. எனவே 'மேல்' வைத்திருந்த நிகழ்தகவு முழுவதும் 'கீழ்' கைக்கு வந்துவிட்டது. அடுத்து, எங்கோ தொலைவில் ஒருவர் சூழலை மட்டும் தொட்டு அதன் இரு நிலைகளையும் இடம் மாற்றுகிறார். அணுவை அவர் தொடவில்லை. ஆகவே அணுவின் நிகழ்தகவுகள் மாறவில்லை. இந்த இரண்டு மாற்றங்களும் முடிந்தபின் மொத்த நிலை எப்படி இருக்கிறது என்று பார்த்தால், தொடக்கத்தில் இருந்தபடியே அச்சு மாறாமல் இருக்கிறது. நிலை அதுவே, ஆனால் 'மேல்' உடைய நிகழ்தகவு 'கீழ்' உடையதாக மாறியிருக்கிறது. இரண்டும் சமமாக இருந்தாலன்றி இது நடவாது.

சமமற்ற வீச்சுகளுக்கு என்ன செய்வது? நம் வெள்ளி அணுவின் 'மேல்' கிளையோடு இணைந்த சூழலை மூன்று சம நிலைகளாகப் பிரித்துப் பார்க்கலாம். அப்போது 0.5 வீச்சுடன் 'மேல்' மூன்று இடங்களிலும், 0.5 வீச்சுடன் 'கீழ்' ஓரிடத்திலும் நிற்கும். நான்கும் சம வீச்சு கொண்டவை. மேலே சொன்ன இடமாற்ற வாதப்படி நான்குக்கும் சம நிகழ்தகவு. நான்கில் மூன்று 'மேல்'. பார்னின் 3/4 வந்துவிட்டது. எண்ணும் வழியைத் தள்ளிவிட்டு இங்கே மட்டும் எண்ணலாமா என்று வாசகர் மடக்கலாம். நியாயமான கேள்விதான். சம வீச்சு இருந்தால் மட்டுமே இடமாற்றம் மொத்த நிலையை மாறாமல் விடும். எண்ணும் உரிமையை இங்கே அந்தச் சமச்சீர்மை வழங்குகிறது. 0.866, 0.5 என்ற இரண்டு கிளைகளை நேரடியாக இடம் மாற்றினால் நிலை வேறாகிவிடும். அங்கே அந்த உரிமை இல்லை.

அழகுதான், ஆனால் தொடக்க வரியில் ஒன்று நுழைந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். 'நிகழ்தகவு நமக்குத் தெரியாது. இருக்கட்டும்' என்றோமே, அங்கேதான். நிகழ்தகவு என ஒன்று உண்டு, அது நிலையை மட்டுமே சார்ந்தது, தொலைவில் செய்யும் வேலையால் அது மாறாது என்று ஏற்றுக்கொண்டவருக்கு இந்த வாதம் எண்ணைக் கையில் கொடுத்துவிடுகிறது. அப்படி ஒன்று இருப்பதற்கான காரணத்தைக் கொடுப்பதில்லை. இரண்டாம் கேள்வி தீர்ந்தது. முதல் கேள்வி அசையாமல் நிற்கிறது.

அதை அசைக்க முயன்றவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள். டேவிட் டாய்ச் 1999-இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்ட கட்டுரையில் கேள்வியையே திருப்பிப் போட்டார். நிகழ்தகவு என்ன என்று கேட்பதை விட்டுவிட்டு, தாம் கிளைக்கப் போவதை அறிந்த ஒருவர் எப்படிப் பந்தயம் கட்டுவார் என்று கேட்டார். 'மேல்' கிளையில் உள்ள தமக்கு 100 ரூபாய், 'கீழ்' கிளையில் உள்ள தமக்கு ஒன்றுமில்லை என்ற சீட்டுக்கு அவர் எவ்வளவு விலை கொடுக்க முன்வருவார்? முரணின்றி முடிவெடுப்பவர் என்றால், சமச்சீர்மையின் வழி, அந்த விலை 75 ரூபாயாகத்தான் இருக்க முடியும். டேவிட் வாலஸ் இந்த வாதத்தின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்து, 2012-இல் பெருநூலாகவே எழுதினார். நிகழ்தகவு என்பது முடிவெடுப்போர் தம் எதிர்காலக் கிளைகளின்மீது வைக்கும் அக்கறையின் பங்கீடு என்பது இவ்வழியின் சாரம். ஹிலரி கிரீவ்ஸ் அதை வெளிப்படையாகவே அக்கறையின் அளவு என்று வரையறுத்தார்.

இங்கே ஒரு வரலாற்று முரண்நகையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எவரெட் பிரின்ஸ்டனுக்கு வந்த புதிதில் ஈடுபட்டது ஆட்டக் கோட்பாட்டில். அதில் அவர் எழுதிய கட்டுரையும் 1957-இல்தான் அச்சாயிற்று. பட்டம் பெறுமுன்பே பென்டகனில் ஆயுத அமைப்புகளை மதிப்பிடும் குழுவில் சேர்ந்து, ஐயப்பாடுகளுக்கிடையே சிறந்த முடிவு எது என்று கணக்கிடுவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டார். இயற்பியலுக்கு அவர் திரும்பவே இல்லை. 1982-இல், 51-ஆம் வயதில் இறந்தார். அவருடைய கோட்பாட்டுக்கு முட்டுக்கொடுக்க வந்த முடிவெடுப்புக் கணிதம் அவருடைய மற்றொரு மேசையில் கிடந்தது. இரண்டு மேசைகளையும் அவர் ஒன்று சேர்த்ததாகத் தெரியவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு வழிக்கு எதிர்ப்பும் வலுவானது. தத்துவவியலாளர் டேவிட் ஆல்பர்ட், வேண்டுமென்றே நகைப்புக்கிடமான ஒரு மாற்று விதியை முன்வைத்தார்: எந்தக் கிளையில் நான் பருத்திருக்கிறேனோ அந்தக் கிளையின்மீது மிகுந்த அக்கறை கொள்வேன். விந்தையான விருப்பம்தான், ஆனால் அதைப் பகுத்தறிவுக்கு மாறானது என்று காட்ட முடியுமா? முடியும் என்கிறார் வாலஸ். அப்படி விரும்புகிறவர் காலப்போக்கில் தம் முடிவுகளோடு தாமே முரண்படுவார் என்பது அவர் மறுமொழி. எனக்கு இந்தச் சண்டையில் ஆல்பர்ட்டின் அடிப்படை மனக்குறைதான் பெரிதாகப் படுகிறது. வெள்ளி அணுக்கள் ஏன் முக்கால் பங்கு மேலே விழுகின்றன என்பது அணுக்களைப் பற்றிய கேள்வி. அதற்கு விடையாக, பகுத்தறிவுள்ள ஒருவர் எப்படிப் பந்தயம் கட்ட வேண்டும் என்று சொல்வது கேட்டதற்கு மறுமொழி ஆகாது. பந்தயம் கட்டவே ஆள் இல்லாத காலத்திலும் யுரேனியம் அதே விகிதத்தில் சிதைந்துகொண்டுதான் இருந்தது.

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் லெவ் வைட்மன் 1998-இல் காட்டிய வழி இதைவிட அடக்கமானது. அதனாலேயே எனக்கு ஏற்புடையது. ஆய்வாளர் ஒருவர் தூக்க மருந்து அருந்திவிட்டுப் படுக்கிறார். அவர் உறங்கும்போது சோதனை நடக்கிறது. விளைவு 'மேல்' எனில் அவரை ஓர் அறைக்கும் 'கீழ்' எனில் மற்றோர் அறைக்கும் மாற்றிவிடுகிறார்கள். இரண்டு அறைகளும் உள்ளே ஒன்றுபோலவே இருக்கும். விழித்தெழுந்து, கண் திறக்குமுன் அவர் கேட்கிறார்: நான் எந்த அறையில் இருக்கிறேன்? பேரண்டத்தின் அலைச் சார்பு முழுவதும் அவருக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்று மட்டும் அவருக்குத் தெரியாது. கேள்விக்குத் திட்டமான விடை உண்டு. அவரிடம்தான் விடை இல்லை. நிகழ்தகவு குடியேற ஓர் இடம் கிடைத்துவிட்டது. சார்ல்ஸ் செபென்ஸும் ஷான் கேரலும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த அறியாமையின் மீது சமச்சீர்மை வாதத்தைப் பொருத்தி 3/4 என்ற எண்ணையும் பெற்றுத் தந்தது.

மருந்து அருந்தாத ஆய்வாளர்களுக்கும் இது பொருந்துமா? பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஓரியல்பு இழப்பு கருவியில் நிகழ்ந்து முடிந்த பின்னரே ஒளி கண்ணை அடைகிறது. கண்ணிலிருந்து செய்தி மூளைக்குச் சென்று உணர்வாக மாற மேலும் நேரம் ஆகிறது. அந்தச் சிறு இடைவெளியில் நோக்குநர் ஏற்கெனவே இருவராகியிருக்கிறார்; தாம் எவர் என்பதை இன்னும் அறியவில்லை. இடைவெளி நொடியின் சிறு கூறுதான். அதன் அளவு பற்றிக் கவலை இல்லை. அப்படி ஓர் இடைவெளி எப்போதும் இருக்கிறது என்பதே போதும். ஆனால் இதை ஏற்றால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். சோதனைக்கு முன்பு 'என்ன நடக்கும்' என்ற கேள்விக்கு நிகழ்தகவு விடையாகாது. அதற்கு விடை 'இரண்டும்' என்பதே. சோதனைக்குப் பின், பார்ப்பதற்கு முன், 'நான் எங்கே' என்ற கேள்விக்கு மட்டுமே நிகழ்தகவு விடையாகும். நாளை கட்ட வேண்டிய பந்தயத்தை, அந்த இடைவெளியில் நிற்கப்போகும் தம் வழித்தோன்றல்களின் சார்பில் இன்றே கட்டுவதாகக் கொள்ளலாம். கணக்கு ஒன்றாகவே வரும். எதிர்காலத்தைப் பற்றியது என்று நாம் வழக்கமாக நினைத்திருக்கும் நிகழ்தகவு, இங்கே இடத்தைப் பற்றிய ஐயமாக உருமாறிவிடுகிறது.

ஒற்றை உலகக் கோட்பாடுகளின் ஆதரவாளர்கள் இதைப் பார்த்து ஏளனம் செய்வதுண்டு. அவர்களிடமும் முதலீடு அதிகம் இல்லை. 75 விழுக்காடு வாய்ப்பு என்பதை அவர்கள் எப்படி விளக்குவார்கள்? நெடுங்காலச் சராசரி என்றால், 1,000 அணுக்களில் 750 விழும் என்பதுகூட உறுதியில்லை. பெரும்பாலும் விழும் என்றே சொல்ல முடியும். அந்தப் 'பெரும்பாலும்' மீண்டும் நிகழ்தகவுதான். அணுவுக்குள் உறையும் ஓர் இயல்பு என்றால், அந்த இயல்பு ஏன் நம் எதிர்பார்ப்பை ஆள வேண்டும் என்ற கேள்வி அங்கேயும் எழுகிறது. எவரெட்டின் ஆதரவாளர்களிடம் மட்டும் அதற்கு மெய்ப்பிப்பு கேட்பது ஓரவஞ்சனை. சமச்சீர்மையிலிருந்து எண்ணைப் பெற்றுக் காட்டிய அளவில் அவர்கள் ஒருபடி முன்னே நிற்கிறார்கள் என்றுகூடச் சொல்வேன்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை எந்தத் தேற்றமும் போக்கவில்லை. நம் பத்து அணுக்களும் கீழேயே விழும் கிளை ஒன்று அந்த 1,024-இல் இருக்கிறது. அதன் எடை 10,48,576-இல் ஒரு பங்கு. ஒற்றை உலகில் அப்படி ஒரு பட்டியல் பெரும்பாலும் எவர் கைக்கும் வராமலே போய்விடும். வந்தால் தீயூழ் என்று விட்டுவிடலாம். எவரெட்டின் உலகில் அது ஒருவர் கைக்கு உறுதியாக வந்தே தீரும். அவர் கருவியைச் சரிபார்த்திருக்கிறார், காந்தத்தின் கோணத்தை மீண்டும் அளந்திருக்கிறார், சான்றுகளை எடைபோடும் முறையில் ஒரு பிழையும் செய்யவில்லை. அதே முறைப்படி, குவாண்டம் இயங்கியல் சொல்லும் 3/4 தவறு என்ற முடிவுக்கு வருகிறார். அவருடைய கட்டுரையை அந்தக் கிளையின் இதழ்கள் மறுக்கக் காரணம் ஏதும் இல்லை. நம் பட்டியல்கள் நல்ல எடையுள்ள கிளையில் எழுதப்பட்டவை என்று நாம் நம்புவதற்குரிய காரணமும், அவர் அவ்வாறே நம்புவதற்குரிய காரணமும் ஒன்றுதான். அவருக்கு மட்டும் அது பொய்த்திருக்கிறது. பல உலகக் கோட்பாட்டை ஏற்பவர் இந்த ஆய்வாளரையும் சேர்த்தே ஏற்க வேண்டும். எடை குறைந்த கிளையில் இருக்கிறார் என்பதற்காக அவர் இருப்பு குறைந்துவிடுவதில்லை. எடை என்பது இருப்பின் அளவு என்று சொன்னவர்களும் உண்டு, அந்தக் கூற்றுக்கு என்ன பொருள் என்பதை இதுவரை எனக்கு நிறைவளிக்கும் வகையில் எவரும் சொல்லவில்லை.